இல்லாத ஊரில் ஓர் இடம்

மார்புர்க்கில் மேல் ஊருக்குப் போக
ஒரு லிஃப்ட் உண்டு. காசில்லை.
மே மாதம், மழை.
நானும் ஆரூரனும் அறை பார்க்கப் போனோம்.
என்னைவிடப் பதினொரு நிமிடம் மூத்தவன்,
அதை ஒருநாளும் மறக்க விடாதவன்.
இருவருக்கும் ஏறக்குறைய ஒரே புள்ளிகள்.
இருவர் பட்டியலிலும் முதல் வரி
இந்த ஊர்தான்.

சரிவில் கொடி கட்டிய வீடு.
மாதம் நூற்றுத் தொண்ணூறு யூரோ.
ஆறு தெரியும் ஜன்னல், பியானோ,
நிலவறையில் பியர்ப் பீப்பாய்.
இவ்வளவும் இந்த விலைக்கோ என்று
தமிழில் என்னைக் கேட்டான்.
கதவு திறந்தவன் பெயர் ஹென்னிங்.
நல்லவன், அதைச் சொல்லியாக வேண்டும்.
என் குடையை வாங்கி
விரித்து உலர வைத்தான்.
பெட்டி தூக்கப் பத்துப்பேர் வருவார்கள் என்றான்,
பழைய வினாத்தாள் கிடைக்கும்,
வேலைக்கு மூத்தவர்கள் ஒரு சொல் சொல்வார்கள்,
சாகும்வரை சகோதரர்கள்.
பிறகு என் பக்கம் திரும்பி,
"இங்கே ஆண்கள் மட்டும். ஆனால்
சனிக்கிழமைகளில் நீ எப்போதும் விருந்தாளி."

வெளியே நில் என்பதற்கு
இவ்வளவு மரியாதையான சொல்லை
நான் அதுவரை கேட்டதில்லை.

சுவர் முழுக்க இறந்தவர்களின் படங்கள்.
ஒவ்வொரு மார்பின் குறுக்கும்
மூன்று நிறத்தில் ஒரு நாடா,
வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு.
திவசத்தன்று ஐயர்
பூணூலை மாற்றிப் போடுவாரே,
அந்தப் பக்கம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
பிறகு வரவில்லை.
ஹாமில் போன மாதம் ஒரு கல்யாணம்.
சோற்றுத் தட்டோடு ஒருவர் குனிந்து,
"பிள்ளை, ஊரிலை எந்தப் பக்கம்?"
அவர் முகத்திலும் இதே கனிவு.
அவரும் என் குடையை
வாங்கி வைத்திருப்பார்.

திரும்பும் ரயிலில்
முதல் வரியை வெட்டினேன்.
"நீ எல்லாத்திலையும் அதைத்தான் பாக்கிறாய்."
"நான் பாக்கேல்லை, அது தொங்குது."
"நான் ஜன்னலைப் பாக்கப் போறன், கொடியை இல்லை."
கீஸன் வரை பேசவில்லை.
கீஸனில் ஒரு பிரெட்செலைப் பிய்த்து
பெரிய பாதியை எனக்குத் தந்தான்.

அப்படி ஓர் ஊரே இல்லையென்று
ஜெர்மன்காரர் பகிடி விடும்
பீலெஃபெல்டுக்கு நான் போனேன்.
பல்கலைக்கழகம் ஒரே கொங்கிரீட்.
மழையில் சாம்பல்,
வெயிலில் கொஞ்சம் குறைந்த சாம்பல்.
சுற்றிக் காட்டிய பெண்ணிடம்
சனி இரவில் என்ன செய்வீர்கள் என்றேன்.
நெற்றியைச் சொறிந்து யோசித்தாள்.
"தெரியாது. ஆளாளுக்கு."
அந்தச் சொல்லுக்காகத்தான்
கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் சொல்லுக்கு விலையும் இருந்தது.
மெத்தையை டிராமில் தனியே ஏற்றினேன்.
ஒக்டோபர் முழுக்க
பாண்கடைக்காரியோடு மட்டும் பேசினேன்,
அதுவும் கம்புப் பாணா கோதுமைப் பாணா என்று.
சனி இரவில் துணி துவைக்கும் இயந்திரத்தின்
வட்டக் கண்ணாடிக்கு முன் இருந்து
நூற்றுத் தொண்ணூறு யூரோவை நினைத்தேன்,
ஆற்றையும் நினைத்தேன்.
பொய் சொல்லி என்ன.

நவம்பரில் நெஸ்ரின் என்றொருத்தி
ஐம்பது சதம் கடன் கேட்டாள், உலர்த்தும் இயந்திரத்துக்கு.
திருப்பித் தரவில்லை, சூப் தந்தாள்.
அவளால் தோமாஷ், அவனால்
நாற்பத்தாறு வயதில் படிக்க வந்த உல்ரீக்க.
வியாழனில் பூப்பந்து ஆடுகிறோம்.
எங்களுக்குப் பெயரில்லை, பாட்டில்லை.
யாராவது வராவிட்டால்
ஏன் என்று கேட்போம், அவ்வளவுதான்.
தோமாஷ் மார்ச்சில் லைப்சிக் போகிறான்.
அதோடு அவனுக்கு முடியும்.
சாகும்வரை எதுவும் இல்லை எங்களிடம்.

நேற்று ஆரூரன் கூப்பிட்டான்.
பின்னால் முப்பது தொண்டைகள்,
மேசையைத் தட்டும் கைகள்.
"இருபத்தோராம் தேதி வா,
பிறந்தநாளுக்குப் பெரிசாச் செய்யினம்.
உனக்கு விருந்தாளி அறை கேட்டு வைச்சிருக்கிறன்."
ஆருடைய பிறந்தநாளுக்கு என்றேன்.
அந்தப் பாட்டுச் சத்தத்தில்
அவனுக்குக் கேட்கவில்லை.